பச்சை நாற்காலியில் உட்காராதே!

"எந்திரிடா அதுலேருந்து!"

ஆத்மநாதன் போட்ட சத்தத்தில் முற்றத்துக் கோழிகள் சுவர் ஏறின. நான் எழுந்திருக்கவில்லை. அன்னவாசலிலிருந்து செம்பாறைக்குடி வரைக்கும் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து வந்தவன் நான். பின்னால் கேரியரில் சொகுசாக உட்கார்ந்து வந்தவர் தைரியநாதன் அண்ணன். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, எனக்குச் சோறு போடுகிறவர். புதுக்கோட்டை சமஸ்தானம் இருந்தவரைக்கும் ரகசியப் போலீசில் இருந்தார். சமஸ்தானம் போனது, வேலையும் போனது. இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். அவர் யோசிப்பார், நான் மிதிப்பேன். என் பெயர் பிச்சைமுத்து. வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள், சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போகட்டும்.

"காதுல விழலையா? திருச்சியில வாங்கின புது நாற்காலிடா அது! ஒன் அழுக்கு வேட்டிய அதுல தேய்க்காதே!"

"வேட்டி நேத்துத்தான் வெளுத்ததுங்க. நாற்காலிதான் கிளிப்பச்சையா இருக்கு. எம்மேல ஒட்டாம இருந்தாச் சரி."

நாற்காலி அப்படித்தான் இருந்தது. கட்டை முழுக்கப் பச்சை எனாமல். உட்காருகிற இடத்திலும் முதுகிலும் பூப்போட்ட சீட்டித் துணி, சுற்றிலும் பித்தளைக் குமிழ் ஆணி. கைகள் இரண்டும் முனையில் மொழுக்கென்று முடிந்திருந்தன. இதற்கா இந்த ஆள் இந்தக் குதி குதிக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. வேண்டுமென்றே நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலைப் பையை அவிழ்த்தேன்.

அண்ணன் நின்றுகொண்டேதான் பேசினார். அவர் குரல் எப்போதும் கோயிலுக்குள் பேசுகிற மாதிரித்தான் இருக்கும்.

"காணாமப் போன நாற்காலி எந்த எடத்துல கெடந்துச்சுங்கய்யா?"

"ஒனக்கு எதுக்கு அதெல்லாம்? திருடன் பிடிபட்டுட்டான். பங்கிராசு! மாசி மாசம் நாற்காலிக்குத் துணி மாத்த வெலை பேசணும்னு வந்தான், எனக்கும் அவனுக்கும் வாய்த்தகராறு, மறுநாள் காலையில நாற்காலியக் காணோம். எங்கிட்டுப் போச்சு? எந்தம்பி பொண்டாட்டி சொர்ணவல்லி வீட்டுக்குப் போச்சு! கலரை மாத்தி, துணிய மாத்தி வச்சிருக்கா. வேதக்காரன் வேதக்காரனுக்கு வக்காலத்து வாங்க வந்தியாக்கும்?"

உள்ளபடியே எங்களை அனுப்பியவள் பங்கிராசின் மனைவி அமலராணி. விடிந்ததும் விடியாததுமாக வந்து நின்றாள். அழுவாள் என்று பார்த்தால், அவள் அழவில்லை, திட்டினாள். "ஆவூர்ல ஒரே மாதா கோயில்ல முழங்கால் போட்டவுகதானே நீங்க ரெண்டு பேரும்? இன்னைக்கு ரெண்டு மணி பஸ்ல அவருக்கு வெலங்கு மாட்டி புதுக்கோட்டைக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாகளாம். அதுக்கப்புறம் எந்த வீட்டுல அவர வாசல் ஏத்துவாக? ஒரு நாற்காலி ரிப்பேருக்கு வருமா? போங்க, போயி என்னான்னு பாருங்க!" என்று எங்களைத் துரத்தாத குறையாக அனுப்பி வைத்தாள்.

ஆக, இரண்டு மணி பஸ் புறப்படுவதற்குள் பங்கிராஸ் திருடவில்லை என்று காட்டியாக வேண்டும். கையில் இருந்ததோ ஒன்றுமில்லை.

ஆத்மநாதன் சிகரெட் பற்ற வைத்துக்கொண்டு தூண் பக்கம் கையைக் காட்டினார். "அங்கதான் கெடந்துச்சு. அரண்மனையில எங்க பாட்டனுக்குக் குடுத்த ஜோடி நாற்காலியில ஒண்ணு. கைக்குக் கை சிங்கமுகம். எங்கப்பா கடைசி வரைக்கும் அதுலதான் உக்காந்திருந்தாரு. பாகம் பிரிச்சப்ப அவரு நாற்காலி எனக்கு, சோடி நாற்காலி தம்பிக்கு. தம்பி போயிட்டான். அவனோட நாற்காலியும் கரையான் தின்னு போயிருச்சு. அதான் என்னோடதத் திருடிட்டா."

அண்ணன் தூணருகே போனார். தரையில் நாற்காலிக் கால்கள் பதிந்த தடம் இன்னும் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. தூணைத் தடவினார். பின்பக்கச் சுவரைத் தடவினார். சன்னல் கட்டையைக் குனிந்து பார்த்தார். எல்லாம் எண்ணெய் ஏறிக் கறுகறுவென்று சுத்தமாக இருந்தன.

"இந்தத் தூணுக்கு புதுசா வார்னிஷ் ஏதும் அடிச்சீங்களா?"

"எங்க பாட்டன் நட்ட தூணு. அன்னைக்கு எப்படி இருந்துச்சோ இன்னைக்கும் அப்படியே இருக்கு."

"அப்பாவுக்கு வெத்தலைப் பழக்கம் உண்டுங்களா?"

"கவுளி கவுளியாப் போடுவாரு. வாயே செக்கச் செவேல்னு இருக்கும். எனக்கு அந்தக் கண்றாவியே புடிக்காது. கையால தொட்டது இல்ல. இதெல்லாம் ஒரு கேள்வியா? வெளிய போங்கடா!"

அண்ணன் கேட்டதில் எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. வெற்றிலையின் முதுகில் சுண்ணாம்பு தடவி மடித்து வாய்க்குள் தள்ளினேன். விரலில் மிச்சச் சுண்ணாம்பு. வலது கை தானாக நாற்காலிக் கைக்கு அடியில் போனது, துடைத்தேன். பொருக்குப் பொருக்காக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. பார்த்தால் பச்சைப் பெயிண்ட். புது நாற்காலியாம், புது நாற்காலி! அடித்த பெயிண்ட் கட்டையில் நிற்கவில்லை, பேச்சு மட்டும் ஆகாசத்தில். தோள் துண்டில் விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"ஐயா, திருச்சிக் கடைக்காரன் ஒங்கள நல்லா ஏமாத்திட்டான்," என்றேன்.

செருப்பு ஒன்று பறந்து வந்து வாசல்படியில் விழுந்தது. நல்லவேளை, குறி தப்பியது.

*

சொர்ணவல்லி வீடு அதே தெருவின் கோடியில் இருந்தது. கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டுதான் பேசினாள். உள்ளே விடவில்லை. ஒரு செம்பு தண்ணீர் கூடத் தரவில்லை.

"யாரு அனுப்பிச்சா ஒங்கள? மூத்தவரா?"

"பங்கிராசு பொண்டாட்டி அனுப்பிச்சாங்க," என்றார் அண்ணன்.

"அந்த ஆளு மேல எனக்கும் கோவம்தான். துணி மாத்தி, செவப்புப் பெயிண்டு அடிச்சுத் தாரேன்னு தை மாசம் எடுத்துக்கிட்டுப் போனவரு, பங்குனியில கொண்டாந்து குடுத்தாரு. கேட்டா நார் காயலைங்குறாரு, பஞ்சு கெடைக்கலைங்குறாரு. அந்த நாற்காலிக்குள்ள எலி குட்டி போட்டு வச்சிருந்துச்சு, துணியெல்லாம் நூலு நூலா இருந்துச்சு. ஆனா கரையான் எதுவும் திங்கல. அது எங்க நாற்காலிதான். நேத்து போலீசு வந்து என் கண்ணு முன்னாலயே தூக்கிட்டுப் போயிருச்சு."

"நாளைக்குத் தேராச்சே?"

அந்தக் கேள்விக்குத்தான் அவள் முகம் மாறியது.

"அதுக்குத்தான்யா இந்தக் கூத்தே! தேரன்னைக்குப் பந்தல்ல ரெண்டு சிங்க நாற்காலியும் போடணும். உக்காந்திருக்கவுகளுக்குத்தான் மொதப் பரிவட்டம். ஆம்பள இல்லாத வீடுன்னா நாற்காலி முதுகுல பரிவட்டத்தக் கட்டுவாக. எங்கவுக போனதுலேருந்து எங்க நாற்காலிக்குத்தான் கட்டுறாக. மூத்தவருக்கு அது ஆகல. ஒரு பொம்பள வீட்டுக் கட்டைக்கும் எனக்கும் ஒரே மரியாதையான்னு சந்தையில நின்னு கத்துனவரு அவரு. நாற்காலி இல்லைன்னா எனக்குப் பரிவட்டமும் இல்ல."

"ஒங்க மாமனாரு வெத்தலை போடுவாராமே?"

"போடுவாரு. ஆனா அவரு மாதிரி சுத்தக்காரர நான் பாத்ததில்ல. தரையில ஒரு சொட்டு எச்சி விழாது. தூணுல, சுவத்துல ஒரு பொட்டுச் சுண்ணாம்பு இருக்காது. வெத்தலை போடுற மத்த ஆளுக மாதிரியா?" என்று சொல்லிவிட்டு என் விரலைப் பார்த்தாள். நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"ஒங்க வீட்டுக்காரரு?"

"பாக்கு கூடப் போட மாட்டாக. எங்க நாற்காலி தேருக்கு மட்டுந்தான் வெளிய வரும். வீட்டுல அதுல யாரும் உக்கார மாட்டோம்."

அண்ணன் முதல் தடவையாகச் சிரித்தார். அவர் சிரித்தால் எனக்குத்தான் வேலை வரும்.

"பிச்சை, ஸ்டேஷனுக்கு மிதி."

*

சப் இன்ஸ்பெக்டர் முனியசாமிக்கு எங்களைப் பார்த்ததும் கண் சிவந்தது. பழைய சமஸ்தானத்துப் போலீஸ் என்றாலே அவருக்கு ஆகாது.

"ரெண்டு மணி பஸ்ஸுல அவன் போறான். பேச்சே கெடையாது."

கம்பிக்குப் பின்னாலிருந்து பங்கிராஸ் கத்தினார். உதடு வீங்கியிருந்தது, வாய் மட்டும் குறையவில்லை. "யோவ் தைரியநாதா! வந்தது வந்த, ஒரு டீயாவது வாங்கியாந்தியா? ஒன்னிய நம்பி இருந்தா நான் அந்தோணியார நேர்லதான் பாக்கணும்!"

"வாய மூடுய்யா. ஒனக்காகத்தான் வந்திருக்கேன்," என்றார் அண்ணன்.

நாற்காலி மூலையில் இருந்தது. நல்ல வேலைதான், என் எரிச்சலையும் மீறிச் சொல்கிறேன். கட்டைக்கு அரக்குச் சிவப்பு, துணி ஊதா வெல்வெட். இரண்டு கை முனையிலும் சிங்கமுகம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் அதன் முன்னால் முழங்கால் போட்டு, வலது கைக்கு அடியில் விரலை விட்டுத் தடவினார். பிறகு இடது கைக்கு அடியில். பிறகு தலையைக் கீழே வைத்து அண்ணாந்து பார்த்தார்.

"சாமி கும்பிடறீரா?" என்றார் முனியசாமி.

"சுண்ணாம்பு தேடுறேங்க."

"என்னது?"

"ஆத்மநாதனோட அப்பா ஆயுசு பூரா வெத்தலை போட்டவரு. வெத்தலை போடுறவன் மிச்சச் சுண்ணாம்ப எங்கயாவது துடைச்சுத்தான் ஆகணும். அது மனுஷ சுபாவம். நம்ம பிச்சை போற எடமெல்லாம் தூணு தூணாப் பூசிட்டு வருவான். ஆனா அந்த வீட்டுத் தூணு சுத்தம், சுவரு சுத்தம், சன்னல் சுத்தம். அப்ப அவரு எங்க துடைச்சாரு? உக்காந்த எடத்துலேருந்து கைக்கு எட்டுறது, யாரு கண்ணுக்கும் படாதது ஒண்ணே ஒண்ணுதான். நாற்காலிக் கைக்கு அடிப்பக்கம். வருஷக்கணக்காத் துடைச்சிருந்தா அங்க ஓடு கட்டியிருக்கும். இங்க தொட்டுப் பாருங்க."

முனியசாமி மனசில்லாமல் குனிந்து தொட்டார். வெறும் கட்டை, தூசி. விரலில் ஒட்டடை வந்தது.

"சுரண்டி எடுத்திருப்பான்."

"நானா? அடிப்பக்கத்தையா?" என்று பங்கிராஸ் கம்பியைப் பிடித்து உலுக்கினார். "யாரும் பாக்காத எடத்துக்கு நான் எதுக்குய்யா பெயிண்டும் அடிச்சுச் சுரண்டவும் செய்யணும்? எனக்கென்ன பைத்தியமா? அந்தப் பக்கம் என் கையே போகல!"

"போகலைன்னு தெரியுது," என்றார் அண்ணன். "இருந்த எடத்துல ஒட்டடை அப்படியே இருக்கு. ஒன் சோம்பேறித்தனம் ஒன்னையக் காப்பாத்தியிருக்கு. அதுக்காக மெழுகுவத்தி ஏத்து."

பங்கிராஸ் திட்டாமல் சிலுவை போட்டுக்கொண்டார். அது ஒரு அதிசயம்தான்.

ஆனால் முனியசாமி லேசுப்பட்ட ஆள் இல்லை. நிமிர்ந்து பெல்ட்டை இழுத்து விட்டுக்கொண்டார். "சரி, இது பெரியவரு நாற்காலி இல்லைன்னே வச்சுக்குவோம். அப்ப அந்த நாற்காலி எங்க? இவன் வேற எங்கயாச்சும் கொண்டு போயித் தள்ளியிருப்பான். புகார் புகார்தான். பஸ் பஸ்தான்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது இதுதான். வெயில் வேறு. வேர்த்து ஒழுகிய முகத்தைத் துண்டால் துடைத்தேன்.

"ஏண்டா, மூஞ்சியில என்ன பச்சை?" என்றார் அண்ணன்.

"காலையில அந்தாளு நாற்காலியில உக்காந்தேன்ல. அதோட லட்சணம் அப்படி. கைய வச்சா உதிருது."

அவர் சடக்கென்று துண்டைப் பிடுங்கினார். காய்ந்து ஒட்டியிருந்த ஒரு பச்சைச் செதிலை நகத்தால் எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் திருப்பினார். அதன் முதுகு வெள்ளையாக இருந்தது.

"அது என் சுண்ணாம்புண்ணே. அதுலதான் விரலத் துடைச்சேன்."

"நீ துடைச்சது பெயிண்டுக்கு மேல. இது பெயிண்டுக்கு அடியில இருக்கு. ஒன்னோடது காலையில பூசின சுண்ணாம்பு, தொட்டா மாவாப் போகும். இது நகத்துக்குக் கூட அசையல." செதிலை முனியசாமியிடம் நீட்டினார். "சுண்ணாம்புச் சுவத்துல எண்ணெய்ப் பெயிண்டு அடிச்சா என்ன ஆகும்?"

"பொரிஞ்சு உதிரும்," என்றார் முனியசாமி, யோசிக்காமல். சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

*

நாங்கள் போனபோது ஆத்மநாதன் அந்தப் பச்சை நாற்காலியிலேயே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். புது நாற்காலியில் மற்றவன் உட்காரக் கூடாது, அவர் உட்காரலாம்.

"என்ன எஸ்.ஐ., என் நாற்காலி எப்ப வீடு வந்து சேரும்? நாளைக்குத் தேரு."

"வீட்டுலதான் இருக்குங்கய்யா," என்றார் அண்ணன். "நீங்க உக்காந்திருக்கிறதுதான் அது."

ஆத்மநாதனின் சிகரெட் பாதி வழியில் நின்றது. பிறகு பலமாகச் சிரித்தார், அந்தச் சிரிப்பு நன்றாகவே இல்லை. "இது திருச்சி..."

"எந்திரிய்யா அதுலேருந்து!" என்றார் முனியசாமி.

காலையில் நான் வாங்கியதை மத்தியானம் அவர் வாங்கினார். கேட்கவே சுகமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அவர் எழுந்திருக்க, முனியசாமி நாற்காலியைக் குப்புறக் கவிழ்த்தார். வலது கையின் அடியில் பச்சைப் பெயிண்ட் அப்பளமாகப் பொரிந்து நின்றது. பேனாக்கத்தியால் தட்டினார். பட்டை பட்டையாகப் பெயிண்ட் உதிர, அதற்குக் கீழே குளவிக்கூடு கணக்காகச் சுண்ணாம்பு தடித்துக் கிடந்தது. பெரியவர் வாழ்நாளெல்லாம் விரல் துடைத்த இடம். இடது கையின் அடியில் பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருந்தது.

"வெத்தலை போடுற மனுஷனாயிருந்தா ஒங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும்," என்றார் அண்ணன். "அப்பா கைய வச்ச எடத்துல ஒரு நாளாவது கைய வச்சுப் பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்கும்."

"என் நாற்காலி! எனக்கு இஷ்டம், பெயிண்டு அடிச்சேன்! எவனுக்கு என்ன?"

"அப்ப திருட்டுப் போச்சுன்னு குடுத்த புகாரு?" என்றார் முனியசாமி. அவர் குரலில் இப்போது மரியாதை துளியும் இல்லை. "ஒரு ஆளை ராத்திரி பூரா வச்சு அடிச்சிருக்கேன்யா நான், ஒன் பேச்சக் கேட்டு."

ஆத்மநாதன் தூணில் சாய்ந்தார். யாரையும் பார்க்காமல் பேசினார்.

"எரிச்சிடணும்னுதான் மாட்டுக் கொட்டாய்க்குக் கொண்டு போனேன். மண்ணெண்ணெய் கூட ஊத்திட்டேன். எங்கப்பா உக்காந்தது... தீக்குச்சி கிழிக்க கை வரல. அதான் பெயிண்டு அடிச்சு, துணிய மாத்தி உள்ளயே வச்சுக்கிட்டேன். அவ நாற்காலி என்னோடதுன்னு ஆயிட்டாப் பந்தல்ல ஒரே நாற்காலி. ஒரே பரிவட்டம். அவ்வளவுதான் நான் கேட்டது."

எனக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. பங்கிராசின் வீங்கிய உதடு ஞாபகம் வந்ததும் அது போய்விட்டது.

அண்ணன் நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். கைகளின் மொழுக்கென்ற முனையைக் கட்டைவிரலால் தடவினார். பெயிண்டுக்கு அடியில் ரம்பம் ஓடிய வரி தெரிந்தது.

"சிங்கம் எங்கங்கய்யா?"

ஆத்மநாதன் கொல்லைப்பக்கம் பார்த்தார்.

"அறுத்தத என்ன செஞ்சீங்க?"

"வெந்நீர் அடுப்புல போட்டுட்டேன்," என்றார் ஆத்மநாதன். சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. முகம் வெளுத்துப் போனது.

இரண்டு மணி பஸ் புறப்பட்டுப் போனது. பங்கிராஸ் அதில் போகவில்லை. ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டு, டீ வாங்கித் தரவில்லை என்று எங்களைத் திட்டினார். பக்கத்தில் நின்ற அமலராணி, அவரைத் திட்டினாள்.

*

மறுநாள் தேர். பந்தலில் ஊதா வெல்வெட் நாற்காலியை நடுவில் போட்டிருந்தார்கள். சொர்ணவல்லி ஓரமாகப் பெண்களோடு நின்றாள். அப்போது இரண்டு ஆள் தலையில் பச்சை நாற்காலி வந்தது. பின்னாலேயே சரிகை வேட்டியில் ஆத்மநாதன். பொய்ப் புகார் கேஸ் தேர் முடிந்ததும் என்று முனியசாமி சொல்லியிருந்தார். அந்த ஒரு நாளைத்தான் அவர் பெரிதாக நம்பி வந்தார்.

பூசாரி பரிவட்டத் தட்டோடு வந்து, பச்சை நாற்காலி முன்னால் நின்றார்.

"இது எந்த வீட்டு நாற்காலிங்க?"

"எங்கப்பா நாற்காலி. அரண்மனை நாற்காலி."

"சிங்கமுகம் இல்லையேங்க."

ஊரே பார்த்தது. ஆத்மநாதன் தொண்டையைக் கனைத்தார்.

"நீங்கதானேங்க திருச்சியில வாங்கினதுன்னு எங்கிட்டயே சொன்னீங்க?" என்றார் பூசாரி. அவர் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே குழம்பிக் கேட்டார். "அரண்மனை நாற்காலிக்குத்தான் கட்டலாம். கடையில வாங்கினதுக்கு எப்படிங்க கட்டுறது?"

"ஒட்ட முடியுமாடா?" என்று ஆத்மநாதன் திரும்பிக் கேட்டார். கூட்டத்தில் நின்ற பங்கிராசிடம்தான் கேட்டார். "சிங்கத்த... வேற செதுக்கி..."

பங்கிராஸ் வீங்கிய உதட்டைத் தடவிக்கொண்டார். "சாம்பலக் கொண்டாங்க, பாப்போம்."

யாரும் சிரிக்கவில்லை. பூசாரி நகர்ந்து போய், பரிவட்டத்தைச் சொர்ணவல்லி வீட்டு நாற்காலியின் முதுகில் கட்டினார். மேளம் எழுந்தது. பந்தலில் ஒரே நாற்காலி, ஒரே பரிவட்டம். அவர் கேட்டது அப்படியே நடந்தது.

தேர் நகர்ந்ததும் கூட்டமும் அதோடு போய்விட்டது. ஆத்மநாதன் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். பச்சை நாற்காலி காலியாகக் கிடந்தது. காலையிலிருந்து நின்று நின்று எனக்குக் கால் கடுத்தது. போய் அதில் உட்கார்ந்து, வெற்றிலைப் பையை அவிழ்த்து, சுண்ணாம்பு தடவி, மிச்சத்தை வலது கைக்கு அடியில் துடைத்தேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

எழுந்திரு என்று சொல்லவில்லை.